கண் திறக்காத சிப்பாய்

ஆற்று மணல் வீடு கட்டத்தான் லாயக்கு, மலை கட்ட ஆகாது. காய்ந்ததும் சரிந்துவிடும். மலை நிற்க வேண்டுமென்றால் செம்மண்ணோடு கண்மாய்க் களிமண்ணைக் கலந்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். அப்படிக் கட்டிய மலை ஒரு கோடை தாங்கும்.

இன்ஸ்பெக்டர் அய்யா, சுபேதார் ஆண்டியப்பன் எப்படிச் செத்தார் என்பதை நீங்களே கதவருகில் நின்று பார்த்துவிட்டீர்கள். ஏன் என்றுதான் கேட்கிறீர்கள். வாயால் சொல்லச் சொன்னீர்கள், எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்குப் பிறகு. கை மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடினால் பொய் கலக்காது என்று நினைக்கிறேன்.

என் பேர் நாகராசு. அரிமளத்துக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் குடியிருப்பு. கிணறு வெட்டு, கரை போடுவது, வண்டி மண் அடிப்பது, இதுதான் பிழைப்பு. சுபேதார் வீட்டுக்கு முதலில் போனதும் மண் அடிக்கத்தான். புளியந்தோப்பைத் தாண்டி, அக்கம்பக்கம் இல்லாத ஒற்றை வீடு. வெள்ளாற்று மணல் ரெண்டு வண்டி கொண்டுவந்து கொட்டச் சொன்னார். வீட்டுக்குப் பின்னாலிருந்த நெல்லறைக்குள்ளே கொட்டச் சொன்னதும் கிழவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். செம்புறாங்கல் சுவர், ரெண்டு முழம் கனம். ஜன்னல் கிடையாது. கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. தேக்குக் கதவு, நெல்லறை என்பதால் தாழ்ப்பாள் வெளியே. உள்ளே நெல் ஒரு மணி இல்லை. நடுவில் கல்யாணப் பந்தி போடுகிற நீளத்துக்கு ஒரு பலகை மேடை, அதைச் சுற்றி வரப்பு மாதிரி கட்டை அடித்திருந்தது.

"இதுல மணலைப் பரப்பு. அந்த ஓரத்துல ஆறு. இந்த வளைவுல ஊரு. ஊரைச் சுத்தி மூணு பக்கமும் தண்ணி" என்றார்.

"என்ன ஊருங்கய்யா?"

"கூத்துன்னு பேரு. பாக்தாது போற வழி. நான் செத்துப் பொழைச்ச ஊரு."

முதல் உலகச் சண்டையில் அவர் அந்தப் பக்கம் போயிருந்தார். அந்த ஊருக்குள் நம் பட்டாளம் ஒன்று மாட்டிக்கொண்டது. துருக்கிக்காரன் சுற்றி வளைத்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே குதிரையை அறுத்துத் தின்றார்கள், பிறகு அதுவும் தீர்ந்தது. மீட்கப் போன படையில் சுபேதார் இருந்தார். ஆற்றில் வெள்ளம், கரையில் சேறு. பீரங்கிச் சத்தம் உள்ளே இருந்தவனுக்குக் கேட்கிற தூரம் வரை போயும், ஊருக்குள் போக முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் கடைசியில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். இருபத்தைந்து வருசமாகச் சுபேதார் அந்தச் சண்டையை மணலில் திரும்பத் திரும்பப் போட்டு, எப்படியாவது அந்த ஊருக்குள் நுழையப் பார்த்தார். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், சேவல் விடுவார்கள், இவர் இது.

விளையாட்டுக்கு எதிராளி வேண்டுமே. எனக்கு முன்பு ஞானமணி வாத்தியார் வந்துகொண்டிருந்தார். அவர்தான் துருக்கி. ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சுபேதார், நான் செயிச்சா நீங்க மூணு நாளு பேசுறதில்ல, தோத்தா எனக்கு மூணு நாளு சோறு எறங்கலை. ஆளை விடுங்க" என்று போனவர்தான், திரும்பி வரவில்லை. வாசலில் மண்வெட்டியோடு நான் நின்றேன். அன்றிலிருந்து நான் துருக்கி ஆனேன்.

காய்களாக நிற்கிற மண் சிப்பாய்களில் எழுதியிருப்பது எனக்குப் புரிய வேண்டுமென்று மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். நான் முதலில் கற்ற எழுத்து 'து'. என் பேரை எழுதப் பழகியதெல்லாம் பிறகுதான். கண் மங்கிய பிறகு பஸ்ஸில் வரும் பேப்பரை என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. குளிருக்குப் பட்டாளத்துக் கம்பளி கொடுத்தார். அவர் குடிக்கிற காப்பியில் எனக்கும் ஒரு டம்ளர் உண்டு. வேறெந்த வீட்டில் எனக்கு உட்கார முக்காலி போட்டார்கள்?

விளையாட்டுக்குச் சட்டங்கள் உண்டு. சண்டையில் ஆறு சோழி உருட்ட வேண்டும். ஆறும் மல்லாந்து விழுந்தால் எதிரே நிற்கிற காய் ஒழிந்தது. ஒழிந்த காயை எடுத்து வைக்கக் கூடாது, உடைக்க வேண்டும். கொன்றவன்தான் உடைக்க வேண்டும். "செத்தவன் திரும்பி வந்து நிக்கக் கூடாதுடா. பொம்மைதானேன்னு எடுத்து வச்சா, நாளைக்கு எவனும் யோசிச்சு ஆளை அனுப்ப மாட்டான்" என்பார். அதனால் காய்கள் தீர்ந்துகொண்டே இருக்கும். அய்யனார் கோயிலுக்குப் புரவி செய்கிற ஆத்மநாத வேளாரிடம் சொல்லி, குதிரைகள் வேகிற சூளையிலேயே விரல் நீளச் சிப்பாய்களையும் சுட்டு வாங்குவார். வேளார் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுப்பார்.

எதிராளி இல்லாத நேரத்தில் காயை நகர்த்தக் கூடாது. இது இன்னொரு சட்டம். முற்றுகைக்கு என்று தனியாகச் சிலது உண்டு. "முற்றுகை போடுறவனுக்கு ஒரே வேலைதான்டா, உக்காந்திருக்கிறது. கோபப்படாதே, அவசரப்படாதே. உள்ள இருக்கிறவன் பேசுவான், கெஞ்சுவான், சத்தியம் பண்ணுவான். அதெல்லாம் கணக்கில்ல. துணி வெளிய வரணும். வெள்ளைத் துணி. அதுவரைக்கும் நீ காதைப் பொத்திக்க." இதைச் சொல்லும்போது அவர் துருக்கிக்காரனை மெச்சித்தான் சொல்வார். இத்தனை வருசம் கேட்டதில் எனக்கு அது மனப்பாடம்.

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லதம்பி எனக்கு ஒரே பிள்ளை. மண் அடிக்க என்னோடு வருவான். சுபேதார் அவன் தோளைத் தட்டிப் பார்த்து, "இதை வச்சு வரப்பு வெட்டவாடா போறே?" என்று கேட்டார். அவரே திருச்சிக்குக் கூட்டிப்போய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார். அவன் ஆசைப்பட்டுத்தான் போனான், அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பலேறி மலாயா போனான். போன மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. அந்தச் சேதியைச் சுபேதாருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். நல்லதம்பி செத்தானா, பிடிபட்டானா, காட்டில் கிடக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. மண் அடிக்கிறவனுக்கு எந்தத் துரை பதில் சொல்வான்? சுபேதார்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டார். என் பிள்ளையைப் பற்றி என்ன சேதி வந்தாலும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் அந்த வாசலை விட்டு நான் எங்கேயும் போக முடியாது. வேறு வேலை வந்தது. கோட்டைப்பட்டினத்தில் கரை கட்ட ஆள் கேட்டார்கள். போகவில்லை. விடிந்ததும் கால் தானாக அங்கே போகும், அவர் மேடைக்கு எதிரே முக்காலியில் உட்காருவேன்.

என் சம்சாரம் காத்தாயி வேறு வழியில் போனாள். அய்யனாருக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் வைகாசியில் புரவி எடுப்பு, மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகிற திருவிழா. பிள்ளைக்குச் சுகமில்லையென்றால், தூரதேசம் போனவன் திரும்ப வேண்டுமென்றால், அவனைப் போல மண்ணில் ஒரு உருவம் செய்யச் சொல்லி, புரவியோடு தூக்கிப்போய்க் கோயிலில் வைப்போம். அதற்கு நம் வீட்டு வாசலிலிருந்து வேளாருக்கு ஒரு பிடி மண் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுத்துவிட்டால் அந்த உருவம்தான் அந்த ஆள். கோயிலுக்குப் போகிற அன்று காலையில் வேளார் முகத்தில் கண் எழுதித் திறந்து விடுவார். அதன் பிறகு சாமிக்குச் சொந்தம், யாரும் தொடக் கூடாது. அதுவரை தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை என்று காத்தாயி விரதம் பிடித்தாள்.

வேளாரிடம் பிடிமண் கொடுக்கப் போனது நான். அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். உருவத்தின் தோளில் துப்பாக்கி வைக்கச் சொன்னேன். தலையில் தொப்பியும். இவன் வேட்டி கட்டின நல்லதம்பி இல்லை, பட்டாளத்து நல்லதம்பி, அய்யனாருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று நினைத்தேன். வேளார், "துப்பாக்கியோட எந்தப் பிள்ளைய அய்யா நான் இதுவரைக்கும் செஞ்சேன்?" என்றார். செய்து கொடுத்தார்.

சித்திரையில் சூளை பிரித்தார்கள். சுபேதார் கேட்ட சிப்பாய்களும் என் பிள்ளையும் ஒரே கூடையில் வைக்கோலுக்குள் இருந்தார்கள். வெயில் கொளுத்தியது. நேரே சுபேதார் வீட்டுக்குப் போய்க் கூடையை இறக்கினேன். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவர் காய்களை மேடையில் அடுக்கிவிட்டார். அப்போது மேடையில் கூத்து ஊர் இல்லை. பங்குனியிலேயே அதைக் கலைத்து மலாயா போடச் சொல்லியிருந்தார். புடலங்காய் மாதிரி நீண்ட தேசம், நடுமுதுகில் மலை, ஓரத்தில் ரோடு, ரோட்டின் குறுக்கே ஒரு ஆறு, பாலம். "நான் அங்கன இருந்திருந்தா இந்தப் பாலத்தை விட்டிருக்க மாட்டேன்டா. போட்டுக் காட்டுறேன், வா" என்றார். நான் ஜப்பான்.

பாலத்தின் மேல் தனியாக நின்றது என் பிள்ளை.

"அய்யா, அது நம்ம நல்லதம்பிங்கய்யா. புரவி எடுப்புக்குச் செஞ்சது."

எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அதான பாத்தேன், மத்தவனைவிட ஒரு விரக்கடை ஒசரமா இருக்கானேன்னு. ஒசந்த ஆளுதான் பாலத்துல நிக்கணும்."

"பிடிமண் குடுத்ததுங்கய்யா."

"கண் தொறந்தாச்சா?"

"இல்லீங்க."

"கண் தொறக்காத வரைக்கும் அது வெறும் மண்ணுடா. ஒங்க வேளாரையே கேளு. நான் என்ன அவனைச் சாகவா அனுப்புறேன்? செயிக்க வைக்கப் போறேன். அங்க எவனோ கோட்டை விட்டதை இங்க ஒம் மகன் பிடிக்கப் போறான். ஒக்காரு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கண் திறக்காதது வெறும் மண்தான், அது எங்கள் வழக்கம். முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனசறிந்து கெடுதல் செய்கிற ஆளும் இல்லை. நிஜமாகவே என் பிள்ளையை வைத்து அந்தப் பாலத்தைப் பிடித்துக் காட்டத்தான் ஆசைப்பட்டார்.

நான் பாலத்தை விட்டு மலைப்பக்கமாகக் காய்களைக் கொண்டுபோனேன். ரெண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை மேடையில் குச்சியால் தட்டினார்.

"ஏன்டா சுத்திப் போறே? ஜப்பான்காரன் ஒனக்கு மாமனா, மச்சானா, ஒம் மகனைப் பாத்து ஒதுங்கிப் போக? ஒழுங்கா வெளையாடு. நீ விட்டுக்குடுத்து நான் செயிச்சா அது செயிப்பா?"

சோழியை எடுத்தேன். குலுக்காமல் மெல்ல வழியவிட்டேன், அப்படி விட்டால் பெரும்பாலும் குப்புறத்தான் விழும். ஆறும் வாயைப் பிளந்துகொண்டு விழுந்தன.

சுபேதார் குனிந்து சோழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "போச்சு" என்றார். அவருக்கும் வருத்தம்தான். ஆனாலும் சட்டம் இருக்கிறதே. உருவம் உடைந்தது. கழுத்தில் இரண்டாக உடைந்து, பாலத்தடியில் மணலில் கிடந்தது.

வீட்டுக்குப் போனேன். காத்தாயி கஞ்சி ஊற்றிக்கொண்டே, "புள்ளை வெந்து வந்துருச்சாமே, வேளாரு வீட்டுல சொன்னாக. எங்க?" என்றாள்.

"சுபேதார் வீட்டுல இருக்கு."

"அங்க என்னத்துக்கு? அந்தாளு பொம்மைய வச்சு வெளையாடுற மனுசன். போயி எடுத்துட்டு வாங்க."

"நாளைக்கு எடுத்தாரேன்."

அவள் தலை சடை சடையாகக் காய்ந்து கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாள் போக முடியும்? வைகாசி பிறந்தால் அந்தத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். உடைந்ததை ஒட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது, ஊனமான உருவத்தை வேளார் தொட மாட்டார். புதிதாகச் செய்யலாம் என்றால் வேளாரிடம் என்ன சொல்வது? பிடிமண் கொடுத்த உருவம் உடைந்தால் அது எதற்கு அடையாளம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காத்தாயியிடம், சுபேதார் கை பட்டு உடைந்துவிட்டது என்று ஒரு நாள் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கும்போதே அது உண்மை மாதிரி இருந்தது.

மறுநாள் போனபோது சுபேதார் தெளிவாக இருந்தார். குளித்து, நெற்றிக்கு இட்டு, வெள்ளை வேட்டி கட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "மலாயா முடிஞ்சுபோச்சு. இதைக் கலைச்சுட்டுப் பர்மா போடணும். அந்த ஒடஞ்ச ஓடுகளையெல்லாம் அள்ளிக் குப்பையில கொட்டு" என்றார்.

நான் அவர் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

கோபமாக இருந்தீர்களா என்று உங்கள் ஏட்டையா கேட்டார். இல்லை. கோபப்படாதே என்பதுதான் முதல் பாடம்.

கொஞ்ச நேரம் கழித்து, "நாகராசு, காத்துல கதவு சாத்திக்கிச்சு போல. தொற" என்று குரல் வந்தது.

"காத்து இல்லீங்கய்யா. நான்தான்."

"எதுக்குடா?"

"முற்றுகைங்கய்யா."

உள்ளே சிரித்தார். நான் அங்கே போன இத்தனை வருசத்தில் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. "அடத் துருக்கிப் பயலே! இத்தனை வருசம் சொல்லிக் குடுத்து இப்பதான்டா நீயா ஒரு ஆட்டம் வைக்கிறே. சரி, உக்காரு. எத்தனை நேரம் தாங்குவேன்னு பாத்துருவோம்" என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோசம். வெளியே நின்று போய்ச்சேர முடியாத ஊருக்கு உள்ளே, கடைசியில் அவரே போய்விட்டார். எனக்கும் ஒரு மாதிரி நிறைவாகத்தான் இருந்தது.

சமையலுக்கு வருகிற முத்துமாரியம்மாளிடம், அய்யா திருச்சிக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்றேன். "சொல்லாமக் கொள்ளாமயா? சரி, என் தங்கச்சி பேறுகாலத்துக்காச்சும் போயிட்டு வாரேன்" என்று அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் கேட்டார்.

"உள்ள இருக்கிறவன் வெளிய தண்ணி கேக்கலாமாங்கய்யா?" என்று கேட்டேன். ஏளனமாகக் கேட்கவில்லை. சட்டத்தைத்தான் கேட்டேன்.

"ஆட்டம் போதும்டா."

"சரிங்கய்யா. துணி வரட்டும்."

அதற்குப் பிறகு அவர் சுபேதார் குரலில் பேசினார், தொண்டை கம்மிப் போய்த் திட்டினார், கதவை உதைத்தார். சித்திரை வெயிலில் அந்த ஓட்டுக்கூரை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும், உள்ளே மலை கட்டினவன் நான்தானே. நான் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கூஜாத் தண்ணீரைக் குடித்தேன். முற்றுகை போடுகிறவன் குடிக்கலாம். ஆனால் சோறு தின்னவில்லை. அவர் பட்டினி கிடக்கும்போது நான் தின்பது நியாயமாகப் படவில்லை.

மறுநாள் பேச்சு மாறியது.

"நாகராசு, ஒனக்கு என்னடா வேணும்? சொல்லு."

"பாலத்துல நின்னவனைத் திரும்பக் கூப்பிடுங்கய்யா."

"கூப்பிட்டேன்டா. வரச் சொல்லி உத்தரவு போட்டாச்சு. முந்தாநாளு ஆட்டம் ரத்து. சோழி உருட்டுனது செல்லாது. ஒம் மகன் சாகலை, போதுமா?"

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் கதவைச் சாத்தினேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேட்ட பிறகும் என் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. உள்ளே இருக்கிறவன் சத்தியம் பண்ணுவான், அது கணக்கில்லை என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அன்று உச்சி வேளையில் காத்தாயி வந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வராததைப் பார்த்துக் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். முற்றத்தில், நெல்லறைக்குப் பத்தடி தூரத்தில் நின்றாள்.

"அந்தாளு எங்க?"

"திருச்சிக்குப் போயிருக்காரு."

"அப்ப புள்ளைய எடுத்துக் குடுங்க. நானே கொண்டு போறேன்."

"உள்ள பூட்டிக் கெடக்கு."

அப்போது உள்ளே கதவை நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தட்டத் தெம்பில்லை போலும்.

"என்ன சத்தம்?"

"எலி."

"நெல்லு இல்லாத அறையில எலிக்கு என்ன வேலை?" என்றாள். கதவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கலயத்தைக் கீழே வைத்தாள். என்னிடம் அவள் கேட்டிருக்க வேண்டியது இன்னும் ஒரே ஒரு கேள்விதான். கேட்கவில்லை. "கஞ்சியக் குடிங்க. மொகம் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு, புளியந்தோப்பு வழியாகத் திரும்பிப் போனாள். உள்ளே இருந்தவருக்கு அவள் பேச்சு கேட்டிருக்கும். சத்தம் கேட்கிற தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போன படை. அது என்னவென்று அவருக்குத்தான் மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது கதவிடுக்கு வழியாகத் துணி வந்தது. வேட்டிக்கரையிலிருந்து கிழித்த துண்டு. குச்சியால் தள்ளித் தள்ளி வெளியே விட்டிருந்தார். நான் எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். தரையெல்லாம் செம்மண். அதில் தவழ்ந்து வந்த துணி செம்மண் நிறமாக இருந்தது. ஒரு ஓரத்தில் வேறு ஏதோ கறையும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதை வெள்ளை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெள்ளைத் துணி என்றுதான் சட்டம். அதை அவரிடம் சொன்னேன். திரும்பிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

அதற்கு மேல் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று மறுநாளும் இருந்தேன். ஈ மொய்க்க ஆரம்பித்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

சுபேதார் கதவுக்குப் பக்கத்தில் இல்லை. மேடையோரத்தில், முக்காலியில் சாய்ந்தபடி இருந்தார். மலாயா கலையவில்லை. பாலத்தடியில் கிடந்த என் பிள்ளை அங்கே இல்லை. தேடினேன். மேடையின் இந்தக் கோடியில், கடலைத் தாண்டி, நம் தேசம் என்று நான் வைத்திருந்த ஒரு கட்டையின் மேல் நின்றான். முழுசாக. கழுத்தில் களிமண் வைத்து ஒட்டியிருந்தது. எதைக் கொண்டு மண்ணை நனைத்தார் என்று தெரியவில்லை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முகத்தில், மேடையோரத்து விளக்கின் கரியால் இரண்டு கண் வைத்திருந்தார். மங்கின கண்ணோடு தடவித் தடவி வைத்த கண். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. ஆனால் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது.

நல்லதம்பியைப் பற்றி அவர் எழுதிப் போட்டதற்கு இனிமேல் பதில் வந்தால் யார் பேருக்கு வரும் என்று காலையில் நீங்கள் கேட்டீர்கள். அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் ஆட்கள் மேடையில் உடைந்து கிடந்த ஓடுகளைப் பற்றிக் கேட்டார்கள். அதுவும் நான்தான். எதிராளி இல்லாத நேரத்தில் காயை நகர்த்தியிருந்தார், அது ஆட்டத்தில் செல்லாது. வேளார் திறக்காத கண்ணும் கண் ஆகாது. அதனால் அவனை எடுத்துப் பழையபடி பாலத்துக்குக் கொண்டுபோய் வைத்து, கழுத்தில் விரல் கொடுத்து உடைத்தேன். ஈரம் முழுசாகக் காயவில்லை, முதல் தடவையைவிட லேசாக வந்தது. முதல் தடவை அவர் "ஒடை" என்று சொன்னதும், கொஞ்சம் பலமாகத்தான் அமுக்க வேண்டியிருந்தது.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். காத்தாயி வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால், சுபேதார்தான் உடைத்தார் என்று சொல்லிவிடுங்கள்.